எழுத்துக் குறையால் தோற்கும் வழக்குகள்

நெய்து கொடுத்த சேலைக்கு விலை வராமல் நிற்கும்பொழுதும், நிலத்தின் உரிமையைப் பற்றிச் சச்சரவு எழும்பொழுதும் நம் அங்கத்தினர்கள் நீதிமன்றத்தை நாடுகின்றனர். உண்மை நம் பக்கம் இருக்கிறது, ஆகவே வெற்றியும் நம் பக்கமே இருக்கும் என்ற எண்ணத்துடன் பலர் செல்கின்றனர். ஆனால் நீதிபதி ஒரு சாட்சியைக்கூட விசாரிப்பதற்கு முன்பு, கணக்குப் புத்தகத்தின் ஓர் ஏட்டைக்கூடப் புரட்டுவதற்கு முன்பு, வழக்கு முடிந்துபோவதும் உண்டு. எதிரியின் மறுப்பு வலுவாக இருந்தது என்பது அதற்குக் காரணமன்று. வாதி தாக்கல் செய்த எழுத்தே அவருடைய வழக்கைத் தாங்கவில்லை என்பதுதான் காரணம்.

இவ்வாறு முடியும் வழக்குகளைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்திருப்பது அவசியம். குறையுள்ள எழுத்தை நீதிமன்றம் எந்தெந்தக் காரணங்களால் ஏற்க மறுக்கிறது, திருத்திக்கொள்ள என்ன வாய்ப்புத் தருகிறது, அந்த வாய்ப்பு எப்பொழுது தீர்ந்துபோகிறது என்னும் மூன்றையும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். சட்டம் படித்தவர் மட்டுமே அறியவேண்டிய நுணுக்கம் இது என்று ஒதுக்கிவிடலாகாது. எழுதுபவர் வக்கீலாக இருக்கலாம். அவருக்குச் செய்திகளைத் தருகிறவரும், அடியில் கையொப்பமிட்டு ‘இவை உண்மை’ என்று உறுதி கூறுகிறவரும், வழக்குத் தோற்றால் பொருளை இழக்கிறவரும் வாதியே ஆவார்.

வழக்குரை என்பது யாது?

நம் பெரியோர்கள் ‘பிராது’ என்று வழங்கியதையே இன்று வழக்குரை என்கிறோம். வழக்குத் தொடுப்பவர் வாதி. யார்மீது தொடுக்கப்படுகிறதோ அவர் பிரதிவாதி. வாதி தம் குறையைச் சொல்லித் தமக்கு வேண்டிய பரிகாரத்தைக் கேட்கும் எழுத்தே வழக்குரை. நம் நாட்டில் அது எவ்வாறு அமையவேண்டும் என்பதை 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்திலுள்ள 6ஆம் கட்டளையும் 7ஆம் கட்டளையும் விதிக்கின்றன.

6ஆம் கட்டளையின் 2ஆம் விதி கூறுவது மிக எளிது. வழக்குக்கு இன்றியமையாத நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகக் கூறவேண்டும். அவற்றை மெய்ப்பிக்கும் சாட்சியங்களை அங்கே அடுக்கவேண்டியதில்லை. செய்திகளைப் பத்தி பத்தியாகப் பிரித்து எண்ணிடவேண்டும். தேதி, தொகை, எண் ஆகியவற்றை இலக்கத்தாலும் எழுத்தாலும் குறிக்கவேண்டும். மோசடி, நம்பிக்கைத் துரோகம், தகாத செல்வாக்கு முதலியவற்றைப் பிரதிவாதியின்மேல் சாட்டுவதானால் ‘ஏமாற்றிவிட்டார்’ என்ற ஒரு சொல் போதாது. எந்நாளில், எவ்வாறு ஏமாற்றினார் என்ற விவரமும் வேண்டும் என்று 4ஆம் விதி கூறுகிறது.

7ஆம் கட்டளையின் 1ஆம் விதி வழக்குரையில் இருக்கவேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது. நீதிமன்றத்தின் பெயர், வாதி பிரதிவாதிகளின் பெயரும் இருப்பிடமும், வழக்கு மூலமாகிய நிகழ்ச்சிகள், அவை நேர்ந்த காலம், அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டென்று காட்டும் செய்திகள், கேட்கும் பரிகாரம், வழக்கின் மதிப்பு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பணத்துக்கான வழக்கானால் தொகையைச் சரியாகச் சொல்லவேண்டும். நிலத்துக்கான வழக்கானால் நான்கெல்லைகளையோ சர்வே எண்ணையோ குறித்து, இன்ன நிலம் என்று ஐயமின்றி அடையாளம் காட்டவேண்டும்.

இவற்றுள் ‘வழக்கு மூலம்’ என்பதை நன்கு விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். கேட்கும் பரிகாரம் வாதிக்குக் கிடைப்பதற்கு எந்தெந்த நிகழ்ச்சிகள் மெய்யாக இருந்தாக வேண்டுமோ, அவற்றின் தொகுதியே வழக்கு மூலம். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி அதைப் பிணைத்த பின்னரே நெசவாளர் மேலே நெய்வார். வழக்கு மூலத்தில் ஒரு நிகழ்ச்சி விடுபட்டாலும் அவ்வாறே நின்று பிணைக்கவேண்டும். பிணைக்காமல் மேலே செல்லும் வழக்கு நடுவிலே அறுந்துபோகும்.

நிராகரிப்புக்கு உரிய காரணங்கள்

7ஆம் கட்டளையின் 11ஆம் விதி, எந்நிலைகளில் நீதிமன்றம் வழக்குரையை நிராகரிக்கவேண்டும் என்று கூறுகிறது. முதலாவது, வழக்குரையில் வழக்கு மூலம் காணப்படாத நிலை. இரண்டாவது, பரிகாரத்தைக் குறைத்து மதிப்பிட்டு, நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் மதிப்பைத் திருத்தாத நிலை. மூன்றாவது, போதிய முத்திரைக் கட்டணம் செலுத்தாமல், குறித்த காலத்துக்குள் குறையை நிறைவு செய்யாத நிலை. நான்காவது, வழக்குரையில் எழுதியிருப்பதைக் கொண்டே அவ்வழக்கு ஏதேனும் ஒரு சட்டத்தால் தடுக்கப்பட்டது என்று தெரியும் நிலை. தேவையான படிகளைத் தாக்கல் செய்யாமை முதலிய நடைமுறைக் குறைகள் பிற்காலத் திருத்தங்களால் சேர்க்கப்பட்டன.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் சட்டமே தவணை தருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். ஆனால் அத்தவணையை மேலும் நீட்டுவதற்கு, வாதியைத் தடுத்த காரணம் அசாதாரணமானது என்றும், நீட்டாவிடில் பெரும் அநீதி விளையும் என்றும் நீதிபதி மனநிறைவு கொண்டு, அதற்கான காரணத்தை எழுதவேண்டும். ‘வக்கீல் ஊரில் இல்லை’, ‘பணம் புரட்ட நாளாயிற்று’ என்பவை அத்தகைய காரணங்களாக ஏற்கப்படும் என்று எதிர்பார்த்திருத்தல் தவறு.

இந்நிலையில் நீதிபதி பார்ப்பது வழக்குரையையும் அதனுடன் சார்ந்த ஆவணங்களையுமே. பிரதிவாதி எதிருரையில் என்ன சொல்கிறார் என்பது இங்கே கணக்கில் வராது. அதனால் வாதிக்கு ஒரு நன்மையும் உண்டு, ஒரு தீமையும் உண்டு. அவர் எழுதியது அனைத்தும் மெய்யென்றே வைத்துக்கொண்டு நீதிபதி படிக்கிறார் என்பது நன்மை. அவர் எழுதாமல் விட்டதை வேறு எவரும் நிரப்பமாட்டார் என்பது தீமை.

ஒரு சேலைக் கணக்கு

இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். ஒரு நெசவாளர் 2015 மார்ச் 10ஆம் தேதி ஒரு ஜவுளி வியாபாரியிடம் 60 சேலைகளைக் கொடுத்தார். சேலை ஒன்றின் விலை 1,200 ரூபாய். மொத்தம் 72,000 ரூபாய். விலை தருவதற்குத் தவணை ஒன்றும் பேசப்படவில்லை. 2015 ஜூன் 15ஆம் தேதி வியாபாரி 20,000 ரூபாய்க்குக் கையொப்பமிட்ட செக் ஒன்று கொடுத்தார், அது பணமாயிற்று. மீதி 52,000 ரூபாய் வரவில்லை. 2018 மே மாதம் நெசவாளர் வழக்குத் தொடுத்தார்.

அவருடைய வழக்குரை இவ்வாறு இருந்ததாகக் கொள்வோம்: ‘பிரதிவாதி பெருஞ்செல்வர். ஏழை நெசவாளனாகிய என் வயிற்றில் அடித்துவிட்டார். பல தடவை கேட்டும் இழுத்தடிக்கிறார். 2015 மார்ச் மாதம் நான் கொடுத்த சேலைகளுக்கு 52,000 ரூபாய் தரவேண்டும். நீதி வழங்குக.’ இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆயினும் இது நிராகரிக்கப்படக்கூடிய எழுத்து. ஏன்?

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணை பேசாமல் விற்றுக் கொடுத்த சரக்கின் விலையைக் கேட்கச் சரக்கைக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே உண்டு. அந்த மூன்று ஆண்டுகள் 2018 மார்ச் மாதத்திலேயே முடிந்துவிட்டன. வழக்கு மே மாதத்தில் தொடுக்கப்பட்டது. ஆகவே வழக்குரையைப் படித்த மாத்திரத்திலேயே இது காலம் கடந்த வழக்கு என்று தோன்றுகிறது. பிரதிவாதி காலக் கணக்கைப் பற்றி வாய் திறவாவிட்டாலும், காலம் கடந்த வழக்கை நீதிமன்றம் தானே தள்ளவேண்டும் என்பது அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு.

நெசவாளரைக் காக்கக்கூடிய செய்தி ஒன்று இருந்தது. காலவரையறை முடிவதற்குள் கடனில் ஒரு பகுதியைச் செலுத்தி, அச்செலுத்தலுக்குச் செலுத்தியவரின் கையெழுத்தோ கையொப்பமிட்ட எழுத்தோ இருந்தால், செலுத்திய நாளிலிருந்து புதிய மூன்று ஆண்டுகள் தொடங்கும் என்று 19ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே 2015 ஜூன் 15ஆம் தேதி வந்த 20,000 ரூபாய் செக் அவருக்கு 2018 ஜூன் 15 வரை காலம் தந்திருந்தது. ஆனால் அதை அவர் எழுதவில்லை. வந்த பணம் வந்துவிட்டது, வராத பணத்தைப் பற்றித்தானே வழக்கு என்று விட்டுவிட்டார். காலக் கெடுவிலிருந்து விலக்குக் கோருவோர் அதற்குரிய காரணத்தை வழக்குரையிலேயே காட்டவேண்டும் என்பது 7ஆம் கட்டளையின் 6ஆம் விதி. வியாபாரியின் செல்வத்தைப் பற்றி எழுதிய வாக்கியத்தால் பயன் ஒன்றும் இல்லை. எழுதாமல் விட்ட செக்கினாலோ 52,000 ரூபாயும் போகும் நிலை வந்தது.

செம்மையான வழக்குரை எவ்வாறிருக்கும்? முதற்பத்தியில் 60 சேலைகள், கொடுத்த தேதி, விலை விகிதம், மொத்தத் தொகை, பெற்றுக்கொண்டதற்கான ரசீது. இரண்டாம் பத்தியில் செக்கின் எண், தேதி, தொகை, அது பணமாகிய நாள். மூன்றாம் பத்தியில் மீதித் தொகையும், அதைக் கேட்டு அறிவிப்பு அனுப்பிய தேதியும். நான்காம் பத்தியில் வழக்கு மூலம் எழுந்த நாளும் இடமும், காலக் கெடுவுக்குள் வழக்கு வந்திருப்பதற்கான காரணமும். இறுதியில் 52,000 ரூபாயும், வட்டியும், செலவும் கேட்கும் வேண்டுகோள். ஒரு தாளில் அடங்கிவிடும்.

சூரத்து நில வழக்கு

மேற்கண்டது கற்பனை. உண்மையாக நடந்த வழக்கு ஒன்றை இனிப் பார்ப்போம். குஜராத் மாநிலம் சூரத்தில் ஒரு குடும்பத்தினர் தம் விவசாய நிலத்தை 2009 ஜூலை 2ஆம் தேதி பதிவு செய்த கிரயப் பத்திரத்தின் மூலம் விற்றனர். விலை 1,74,02,000 ரூபாய். அது 36 செக்குகளாகக் கொடுக்கப்பட்டது என்று பத்திரம் கூறியது. 2014 டிசம்பரில் விற்றவர்கள் வழக்குத் தொடுத்தனர். தங்களுக்கு 40,000 ரூபாய் மட்டுமே கிடைத்தது என்றும், மற்றச் செக்குகள் பொய்யானவை என்றும், ஆகவே கிரயத்தை ரத்துச் செய்யவேண்டும் என்றும் கேட்டனர். இடையில் அந்நிலம் 2013இல் வேறொருவருக்கு விற்கப்பட்டிருந்தது.

கீழ் நீதிமன்றம் அவ்வழக்குரையை நிராகரித்தது. குஜராத் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றமும் 2020 ஜூலை 9ஆம் தேதி அவ்வாறே தீர்ப்பளித்தது. விலை முழுவதும் வரவில்லை என்பதனால் பதிவாகி முடிந்த கிரயம் செல்லாததாகிவிடாது. விலையைக் கேட்டுப் பெறும் வேறு வழிகள் விற்றவருக்கு உண்டு. கிரயத்தை ரத்துச் செய்யக் கேட்பதற்கோ மூன்று ஆண்டுகளே காலம். 2009இல் தாங்களே எழுதிக் கொடுத்த பத்திரத்தைப் பற்றி 2014இல்தான் அறிந்தோம் என்று சொல்லிக் கெடுவைக் கடக்க முடியாது. கிரயப் பத்திரத்தின் தேதியை வாதிகள் வேண்டுமென்றே குறிப்பிடவில்லை என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

விலை பெறவில்லை என்று அவர்கள் சொன்னது மெய்யா பொய்யா என்பது அவ்வழக்கில் விசாரிக்கப்படவே இல்லை. சாட்சிக் கூண்டில் ஒருவரும் ஏறவில்லை. நம் விவசாயிகள் நெஞ்சில் பதித்துக்கொள்ளவேண்டிய செய்தி இதுவே. பொருத்தமற்ற பரிகாரத்தைக் காலம் கடந்து கேட்டால், நம்மிடமுள்ள உண்மை சொல்லப்படாமலே போய்விடும்.

இத்தகைய தீர்ப்புகளுக்கு அடிப்படையாக அமைந்தது, உச்ச நீதிமன்றம் 1977இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் வாயிலாக வழங்கிய ஒரு தீர்ப்பு. குடியிருந்தவர் ஒருவர், வீட்டைக் காலி செய்யவேண்டும் என்ற உத்தரவுக்கு எதிராக உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றார். பின்னரும் புதுப்புது வழக்குகளின் மூலம் அவ்வுத்தரவைத் தடுக்கும் முயற்சி நடந்தது. வழக்குரையை மேலோட்டமாகப் படிக்காமல் அதன் பொருளை ஊன்றிப் படிக்கவேண்டும் என்றும், சாமர்த்தியமான சொற்களால் வழக்கு மூலம் இருப்பதுபோன்ற மாயத்தோற்றம் உண்டாக்கப்பட்டிருந்தால் முதல் விசாரணையிலேயே அதைக் கிள்ளி எறியவேண்டும் என்றும் அத்தீர்ப்புக் கீழ் நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்தியது.

திருத்திக்கொள்ளும் வாய்ப்பு

இவற்றைக் கேட்டு, நீதிமன்றம் எழுத்துப் பிழையைத் தேடித் தண்டிக்கும் இடம் என்று அஞ்சவேண்டியதில்லை. திருத்திக்கொள்ளச் சட்டம் தாராளமாகவே இடம் தருகிறது. நம் மாநிலத்து நீதிமன்றங்களில், தாக்கல் செய்த வழக்குரையில் குறை இருந்தால் அதைக் குறித்து, இத்தனை நாளுக்குள் சரிசெய்து மீண்டும் தாக்கல் செய்க என்று திருப்பித் தருவது வழக்கம். வழக்கு ஏற்கப்பட்ட பின்னரும் 6ஆம் கட்டளையின் 17ஆம் விதிப்படி திருத்தம் கோரலாம். 1969இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், குடும்பத் தொழிலின் பெயரால் வாதி வழக்குத் தொடுத்திருந்தார். பெயர் தவறு என்பதற்காக நியாயமான பரிகாரத்தை மறுக்கலாகாது என்று கூறித் திருத்தம் அனுமதிக்கப்பட்டது. நடைமுறை விதிகள் நீதிக்குப் பணி செய்யவே ஏற்பட்டவை என்பது அத்தீர்ப்பின் கருத்து.

ஆயினும் இவ்வாய்ப்புக்கு எல்லை உண்டு. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சாட்சி விசாரணை தொடங்கிய பின் திருத்தம் கேட்பவர், உரிய கவனம் செலுத்தியும் முன்னமே கேட்க இயலவில்லை என்று காட்டவேண்டும். அனுமதி கிடைத்தாலும், குறித்த நாளுக்குள், நாள் குறிக்காவிடில் 14 நாட்களுக்குள், திருத்தத்தைச் செய்தாக வேண்டும். தவறினால் நீதிமன்றம் மேலும் காலம் தந்தாலன்றித் திருத்த இயலாது. திருப்பித் தந்த வழக்குரையைக் காலம் தாழ்த்தித் தாக்கல் செய்வோர், தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனுவும் போடவேண்டியிருக்கும்.

நிராகரிக்கப்பட்ட பின் என்ன செய்யலாம்? அந்த உத்தரவு தீர்ப்பாணைக்குச் சமமாகக் கருதப்படுவதால் மேல்முறையீடு செய்யலாம். அன்றியும், நிராகரிப்பு என்ற ஒன்றே புதிய வழக்குரைக்குத் தடையாகாது என்று 7ஆம் கட்டளையின் 13ஆம் விதி கூறுகிறது. ஆனால் நம் நெசவாளரின் வழக்குரை 2018 செப்டம்பரில் நிராகரிக்கப்பட்டதாகக் கொள்ளுங்கள். செக்கைப் பற்றி எழுதிப் புதிய வழக்குரை கொண்டுவந்தாலும், 2018 ஜூன் 15 கடந்துவிட்டதே! விதி கதவைத் திறந்து வைத்தது. காலம் அதைச் சாத்திவிட்டது. அதிகாரமற்ற நீதிமன்றத்தில் நல்லெண்ணத்துடன் வழக்கு நடத்திய காலத்தைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவது உண்மையே. கவனமின்றி எழுதியதால் வீணான காலத்துக்கும் அதே சலுகை கிடைக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது.

நிராகரிப்பு வேறு, வேறு வகையான முடிவுகள் வேறு என்பதையும் இங்கே அறியவேண்டும். விசாரித்துத் தள்ளுபடி செய்யப்பட்ட விஷயத்தை அதே தரப்பினரிடையே மீண்டும் எழுப்ப 11ஆம் பிரிவு தடையாக நிற்கும். வாதி வராமையால் தள்ளுபடியான வழக்கை, அந்த உத்தரவை நீக்கும்படி மனுச் செய்து உயிர்ப்பிக்கலாமேயன்றி, அதே வழக்கு மூலத்தில் புதிதாகத் தொடுக்க முடியாது. குறை தெரிந்து வழக்கைத் திரும்பப் பெறுவோர், புதிய வழக்குத் தொடுக்க அனுமதி கேட்டுப் பெற்றுக்கொண்டே திரும்பப் பெறவேண்டும். அனுமதியின்றித் திரும்பப் பெற்றால் அத்துடன் முடிந்தது. ஒரே வழக்கு மூலத்தில் கேட்கவேண்டிய தொகையில் ஒரு பகுதியை விட்டுவிட்டால், விட்ட பகுதிக்காகப் பின்னர் வழக்குத் தொடுக்கவும் இயலாது.

மீண்டும் மீண்டும் வருவோர்

ஒரு தடவை தவறுவது மனித இயல்பு. சுட்டிக்காட்டிய பிறகும் அதே குறையுடன் திரும்பத் திரும்ப வருவோரிடம் நீதிமன்றம் பொறுமை காட்டுவதில்லை. தேவையற்றவையும், அவதூறானவையும், அலைக்கழிப்பவையுமான பகுதிகளை வழக்குரையிலிருந்து அடித்துவிட 6ஆம் கட்டளையின் 16ஆம் விதி அதிகாரம் தருகிறது. நம் மாநிலத்தில் இதற்கும் மேற்பட்ட சட்டம் ஒன்றும் உண்டு. 1949ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றம் தொந்தரவு வழக்குகளைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. நியாயமான காரணமின்றி வழக்கமாகத் தொந்தரவு வழக்குகளைத் தொடுப்பவர்மீது அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். உயர் நீதிமன்றம் அவரைக் கேட்ட பின், முன் அனுமதியின்றி அவர் வழக்குத் தொடுக்கலாகாது என்று உத்தரவிடலாம். அச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1965இல் தீர்ப்பளித்தது.

இக்கண்டிப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மத்திய நீதிமன்றங்களின் விதிகளும் கோரிக்கையைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் எண்ணிட்ட பத்திகளிலும் கூறவேண்டும் என்றே விதிக்கின்றன. அலபாமா, புளோரிடா, ஜார்ஜியா ஆகிய மூன்று மாநிலங்களுக்கும் மேல்முறையீட்டு மன்றமாகிய பதினோராம் வட்டார நீதிமன்றம், குழம்பிய வழக்குரைகளுக்குச் சிதறு ரவை சுடும் துப்பாக்கியை உவமையாக்கிப் பெயரிட்டிருக்கிறது. எங்காவது ஒன்று படட்டும் என்று சுடுவதைப்போல எழுதப்பட்டவை அவை. 2015இல் அம்மன்றம் அவற்றை நான்கு வகையாகப் பிரித்தது. ஒவ்வொரு கோரிக்கையிலும் முன் சொன்ன பத்திகள் அனைத்தையும் மொத்தமாகச் சேர்ப்பது. எந்தக் கோரிக்கையோடும் ஒட்டாத பொத்தாம்பொதுவான செய்திகளால் நிரப்புவது. தனித்தனிக் கோரிக்கைகளைப் பிரிக்காமல் எழுதுவது. பிரதிவாதிகள் பலர் இருக்க, யார் எதைச் செய்தார் என்று கூறாமல் விடுவது. வக்கீல் வைத்துள்ள வாதிக்குக் குறையைச் சுட்டித் திருத்த ஒரு வாய்ப்பாவது தந்த பின்னரே வழக்கை முற்றிலும் தள்ளலாம் என்று 2018இல் அம்மன்றம் கூறியது. அவ்வாய்ப்பையும் வீணாக்கியவருக்கு மறுபடியும் வாய்ப்புத் தரும் கடமை நீதிமன்றத்துக்கு இல்லை. அந்நான்கு குறைகளையும் நம் ஊர் வழக்குரைகளிலும் காணலாம்.

கண்டிப்புக்குக் காரணம் உண்டு. எதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று அறியாத பிரதிவாதி, எல்லாவற்றையும் மறுத்துவைக்கிறார். எது வழக்கு என்று தெரியாத விசாரணை, ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அக்காலமெல்லாம் செம்மையாக எழுதப்பட்ட மற்றொரு நெசவாளரின் வழக்குத் தன் முறைக்குக் காத்துக்கிடக்கிறது.

சங்கத்தைப் பற்றிய தகராறு

நம் அங்கத்தினர்கள் தனியே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அங்கத்தினருக்கும் சங்கத்துக்கும் இடையே, சங்கத்தின் நிர்வாகத்தையோ அலுவலையோ பற்றி எழும் தகராறுகள், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவுப்படி பதிவாளர் முன் செல்லவேண்டியவை. கூலிப் பாக்கி, கடன் கணக்கு முதலிய தகராறுகளைச் சிவில் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லுமுன், அவை அப்பிரிவில் அடங்குமா என்று வக்கீலிடம் கேட்டறிதல் வேண்டும். சட்டத்தால் தடுக்கப்பட்ட வழக்கு என்ற நான்காவது காரணம் இங்கே குறுக்கிடும். பதிவாளர் முன் வைக்கும் மனுவிலும் தேதியும் தொகையும் கேட்கும் பரிகாரமும் தெளிவாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வக்கீலிடம் செல்லுமுன்

ஆகவே ஒவ்வோர் அங்கத்தினரும் வக்கீலைக் காணுமுன் ஒரு தாளில் ஆறு செய்திகளைத் தாமே எழுதிக்கொள்ளட்டும். யார், யாருக்கு, எதைச் செய்தார்? ஒவ்வொன்றும் எந்தத் தேதியில், எந்த ஊரில் நடந்தது? சரக்கு எவ்வளவு, பணம் எவ்வளவு? நமக்கு வந்தது எவ்வளவு, எவ்வழியில் வந்தது? எந்தெந்த எழுத்து நம்மிடம் இருக்கிறது? முடிவாக நாம் கேட்பது என்ன? நமக்குப் பாதகமென்று தோன்றும் செய்தியையும் மறையாமல் எழுதவேண்டும். மறைத்த தேதி சூரத்து வாதிகளைக் காக்கவில்லை. மறந்த செக்கு நம் நெசவாளரைக் கெடுத்தது.

வழக்குரை எழுதி முடித்ததும் கையொப்பமிடுவதற்கு முன் அதைப் படிக்கக் கேட்கவேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கவேண்டும். குறை காட்டித் திருப்பப்பட்டதா, எந்தத் தேதிக்குள் மீண்டும் தாக்கல் செய்யவேண்டும் என்று விசாரித்து, அத்தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்துவைக்கவேண்டும். வக்கீல் வைக்க வசதியற்றோர் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், குறைந்த வருமானம் உள்ளோருக்கும் இலவச உதவி பெற உரிமை உண்டு.

சரக்கைக் கொடுக்கும் அன்றே ரசீது வாங்குவதும், வந்த பணத்தை வந்த தேதியில் எழுதிவைப்பதும் சங்கம் நமக்குக் கற்பித்த பழக்கங்கள். நல்ல வழக்குரை அந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்தே பிறக்கிறது. வழக்கே வேண்டாதபடி பல தகராறுகளைத் தீர்த்துவைப்பதும் அதுவே.

படிப்பு வட்டத்தார் ஆராய வேண்டியவை

1. நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவருக்கு வரவேண்டிய பாக்கிக்குக் காலக் கெடு எந்நாளில் முடியும்? அதைக் கணக்கிட எந்தத் தேதி தேவை?

2. பகுதித் தொகை பெறும்பொழுது செலுத்தியவரின் கையொப்பத்தை எவ்வாறு பெற்றுவைக்கலாம்?

3. நிராகரிப்பு, தள்ளுபடி, அனுமதியுடன் திரும்பப் பெறுதல் ஆகிய மூன்றுக்கும் உள்ள வேற்றுமை யாது?

4. மேலே கண்ட நெசவாளருக்காக நான்கு பத்திகளில் ஒரு வழக்குரை எழுதிப் பார்க்க. அதில் எந்த வாக்கியத்தை நீக்கினால் வழக்குக் கெடும், எந்த வாக்கியத்தை நீக்கினாலும் கெடாது என்று கூடிப் பேசுக.